இரட்டை

உங்கள் வீட்டில் எத்தனை தலை என்று
ரேஷன் குமாஸ்தா கேட்ட அன்று
மனசுக்குள் நான் ஆறு என்றேன்.
சத்தமாகவே சொல்லியிருப்பேன்.
அம்மா முந்திக்கொண்டாள்.

ஏழாவது தலை
அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் நின்றது.
எங்கள் யாருக்கும் வாய்க்காத கண்,
கையில் ஓர் ஈயக் கரண்டி.
ரங்கூனிலிருந்து மலை மலையாக நடந்ததில்
மற்றதெல்லாம் வழியில் விழுந்துவிட்டதாம்,
கூட வந்த அப்பா உட்பட.

சேரன்மாதேவி ஸ்டேஷனில்
கூட்ஸ் ஷெட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே
மூன்று நாளாய்க் கிடந்தவளை
"ரெண்டு நாளைக்கு" என்று அப்பா கூட்டிவந்தார்.
அவள் தேடிவந்த வீடு எங்கள் தெருவிலேயே இருந்தது.
அவள் அப்பாவின் முதல் தாரம்
ஜன்னல் வழியாக முகத்தைப் பார்த்தாள்,
தாழ்ப்பாளைப் போட்டாள்.
அவளைக் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.
பதினைந்து வருஷம்
மணியார்டரோடு மட்டும் குடித்தனம் நடத்தியவள்.

ரெண்டு நாள் ஏழு மாசமானது.
என் பாயில் அவளுக்கும் இடம் விட்டார்கள்.
நடுவில் நான் கரித்துண்டால் கோடு போட்டேன்,
கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி.
அவள் தாண்டவில்லை.
தூக்கத்தில் நடந்துகொண்டே இருந்த
அவள் கால்கள்தான் தாண்டின.

என் அம்மா இசக்கியம்மாள்
இளகிய மனசுக்காரி இல்லை.
ஒரு கொத்துக் கறிவேப்பிலை கேட்டு வந்தாலும்
போன மாசக் கொத்தை ஞாபகப்படுத்துகிறவள்.
அவள்தான் சொன்னாள்: "ஏழு."

"போன தடவ ஆறுல்லா போட்டிருக்கு?"
"நீரு தப்பாப் போட்டிருப்பீரு."
"உறவு?"

அம்மா என்னை இழுத்து முன்னால் நிறுத்தினாள்.
அவளையும் இழுத்து என் பக்கத்தில் நிறுத்தினாள்.
"இது பேராச்சி. இது அவளுக்கு இரட்டை."

குமாஸ்தா கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார்.
என் புளியங்கொட்டை நிறத்தைப் பார்த்தார்.
அவள் கன்னத்தில் வட்டமாய்க் காய்ந்திருந்த
சந்தனத்தைப் பார்த்தார்.
"பேரு?"
"மா கின்" என்றது பாதிக் குரல்.
"மாகாளி" என்றாள் அம்மா.
மாகாளி என்று எழுதினார்.
வயசு பதினாலு, கீழேயும் பதினாலு.
மசியை ஒற்றிவிட்டு, போகிறவர் நின்றார்.
"தாயி, நடந்து வந்த பாதையில
பினாங்குல இருந்து வந்த பையன் யாரையும் பாத்தியா?
காதுல ஒரு கடுக்கன் மட்டும் போட்டிருப்பான்."
பினாங்கு வேறு திசை என்று அவருக்கும் தெரியும்.
அவள் தலையாட்டினாள்,
ஆமாம் மாதிரியும் இல்லை மாதிரியும்.
அது போதும் என்பதுபோல
குடையை விரித்துக்கொண்டு போனார்.

அப்படித்தான் எனக்கு மசியில் ஒருத்தி பிறந்தாள்.
சர்க்கரை ஒரு பங்கு கூடும் என்றார்கள்.
கூடவில்லை. கடையில் எடைக்கல்லும் மெலிந்திருந்தது.
குண்டு விழுந்த ஊர் எதையும் நான் கண்டதில்லை.
யுத்தம் எனக்கு
சர்க்கரை டப்பாவின் அடியில் தெரிந்த தகரம்.
அந்தத் தகரத்துக்கும் காரணம் அவள்தான்
என்று வைத்துக்கொண்டேன். வசதியாக இருந்தது.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
ஆற்றில் வெள்ளம் இரைந்துகொண்டிருந்தது.
விழித்தால் கோட்டுக்கு அந்தப் பக்கம் காலி.
அடுப்பங்கரையில்
தகரத்தைச் சுரண்டும் ஈயச் சத்தம்.

போய் நின்றேன்.
கையும் கரண்டியுமாக அவள்.
அம்மா என்று கத்த வாயைத் திறந்தேன்.
திறந்த வாய்க்குள் சர்க்கரை.

பிறகு அவளுக்கு ஒரு கரண்டி, எனக்கு ஒரு கரண்டி,
எனக்கு இன்னொன்று.
உள்ளே அம்மா இருமினாள்.
தோளோடு தோள் உறைந்தோம்,
ஒரே வயிற்றுக்குள் கிடந்தவர்கள் மாதிரி.
வளையல் சத்தம் கேட்டது.
புரண்டு படுத்தாள்.

காலையில் டப்பாவைச் சாய்த்துப் பார்த்து
"எறும்பு ஏறிட்டு" என்றாள் அப்பாவிடம்.
"எத்தன?" என்றார் அவர், சிரிக்காமல்.
அடுப்பை ஊதியபடி
அம்மா சொன்னாள்:
"ரெண்டு."